பூஜை நாளில் மாமா பிடுங்கிய பியூஸ்

மின்சார ரயிலில் வியாபாரிகளுக்கென்று ஒரு பெட்டி உண்டு. காய்கறி மூட்டை, பூக்கூடை, கருவாட்டு வாசனை எல்லாம் அதில்தான் ஏறும். பாரிமுனையில் வாங்கிய கட்டிங் மிஷினை நானும் உங்கள் மாமாவும் அந்தப் பெட்டியில்தான் தாம்பரத்துக்குக் கொண்டுவந்தோம். தரையில் எதிரெதிராக உட்கார்ந்து, இடையில் மிஷின் இருந்த அட்டைப்பெட்டியை முழங்கால்களால் அணைத்துக்கொண்டிருந்தோம். ரயில் குலுங்கும்போதெல்லாம் உங்கள் மாமா அதன்மேல் கையை வைப்பார், தூளியில் தூங்குகிற பிள்ளையைத் தட்டுகிற மாதிரி. பக்கத்தில் கதம்பம் கட்டிக்கொண்டிருந்த பூக்கார அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னாப்பா அது, தையல் மிஷினா?" என்று கேட்டார். "ஆமாக்கா. மரத்தைத் தைக்கிற மிஷின்" என்றார் மாமா. "கிண்டல் பண்ண நான்தான் கெடச்சனா ஒனக்கு?" என்று அந்த அம்மா திட்டிவிட்டு, பல்லாவரத்தில் இறங்கும்போது ஒரு முழம் பூவை மாமாவின் மடியில் போட்டுவிட்டுப் போனார். "மிஷினுக்கு வெச்சி உடு" என்று சொன்னார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அப்போது உங்களில் மூத்தவள் உங்கள் அம்மாவின் வயிற்றில் இருந்தாள்.

உங்கள் மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். எனக்கு மச்சான். அவர் என்னை "மாப்ள" என்பார். கல்யாணமான புதிதில் எனக்குச் சரியான வேலை இல்லை. அவர்தான் தான் வேலை செய்த மரப்பட்டறையில் என்னையும் சேர்த்துவிட்டார். இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி, தகரக் கூரை போட்ட பெரிய பட்டறை. முதலாளி அந்த ஊரிலேயே பிறந்தவர். அவருடைய அப்பா காலத்தில் அந்த இடமெல்லாம் நெல் வயல். ஊர் வளர்ந்தது. வயல் மனையாச்சு. மனைக்கு மேல் வீடு வந்தது. வீட்டுக்குக் கதவும் ஜன்னலும் வேண்டுமே, அதனால் பட்டறையும் வந்தது. முதலாளி கோபக்காரர்தான், ஆனால் கெட்டவர் இல்லை. நாலு பேர் முன்னால் தன் பேச்சு எடுபடவில்லை என்றால் மட்டும் அவருக்குத் தாங்காது.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பிறகு நடந்தது புரியும். வீட்டில் மாட்டியிருக்கிற சாமி படத்தின் சட்டத்தைப் பாருங்கள். நாலு மூலையிலும் சட்டங்கள் சாய்வாக வெட்டப்பட்டு ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும். அந்தச் சாய்வு நாற்பத்தைந்து டிகிரி. ஒரு முடி அளவு பிசகினாலும் மூலையில் இடைவெளி விழும். கதவைச் சுற்றி அடிக்கிற பீடிங் என்கிற மெல்லிய சட்டத்துக்கும் அதே கணக்குதான். அதுவரை கைரம்பத்தால்தான் வெட்டினோம். காலையில் வெட்டியது நேராக இருக்கும், சாயங்காலம் கை ஓய்ந்த பிறகு வெட்டியது கோணும். மரத்தூளைப் பசையில் குழைத்து இடைவெளியில் அப்பி, மேலே பாலிஷ் போட்டுவிடுவோம். எல்லாப் பட்டறையிலும் அதுதான் நடந்தது. உங்கள் மாமாவுக்கு மட்டும் அது பிடிக்காது. "மூஞ்சில பவுடர் அப்பினா வயசு கொறயுமா மாப்ள?" என்பார். சேலையூர், குரோம்பேட்டை பக்கமெல்லாம் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. கைரம்பத்தை வைத்துக்கொண்டு அந்த வேலையைப் பிடிக்க முடியாது என்று முதலாளிக்கே தெரிந்துவிட்டதால், துணிந்து மிஷின் வாங்கினார். அதை ஓட்டுகிற பொறுப்பை மாமாவுக்குக் கொடுத்தார்.

வாங்கி வந்த அன்றைக்கே ஓடும் என்று முதலாளி நினைத்தார். மாமா பெட்டியைப் பிரித்ததும் முதலில் எடுத்தது உள்ளே இருந்த படம் போட்ட புத்தகத்தை. இங்கிலீஷ் அவருக்கும் தகராறு, எனக்கும் தகராறு. ஆனால் கையை எங்கே வைக்கக் கூடாது என்று சிவப்புக் கோடு அடித்துப் படம் போட்டிருந்தது, அதற்குப் படிப்பு தேவைப்படவில்லை. வட்டமான பிளேடு, மேலே மோட்டார், பிடித்துக் கீழே இழுக்க ஒரு கைப்பிடி. கைப்பிடியில் விரலால் அழுத்துகிற ஸ்விட்ச். பிளேடைச் சுற்றி ஒரு மூடி. இழுத்தால் அது விலகும், விட்டால் தானாக வந்து மூடிக்கொள்ளும். மாமா அந்த மூடியைப் பலமுறை விலக்கி விலக்கி விட்டுப் பார்த்தார். "இது சிக்காம வரணும். இதுதான் நம்ம கூர்க்கா" என்றார்.

பிறகு மேஜை செய்தார். பழைய சால் மரத்தில், யானை ஏறினாலும் அசையாத மேஜை. மிஷினை அதில் போல்ட்டுப் போட்டு இறுக்கினார். நீளமான மரத்தின் முனை தொங்கினால் வெட்டி முடிக்கும் நேரத்தில் மரம் மடங்கி பிளேடைக் கவ்விவிடும் என்று, இரண்டு பக்கமும் மிஷின் தட்டுக்குச் சம உயரத்தில் தாங்குகட்டை வைத்தார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடச் சொன்னார். குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினார்கள். மாமா குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து அதில் ஊற்றியதைப் பார்த்து, பாலிஷ் போடுகிற அண்ணன் ஒருத்தர், "இன்னா, மிஷினுக்கு வளைகாப்பா? வளையல் எங்கப்பா?" என்று கேட்டார். பட்டறையே சிரித்தது. மாமாவும் சிரித்தார், ஆனால் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

பூஜை போடாமல் மிஷினை ஓட்டக் கூடாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெட்டிப் பார்க்க முடியாது. வெட்டிப் பார்க்காமல் சாய்வு சரியா என்று எப்படித் தெரியும்? மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். கெட்டி அட்டையில் நாலு பக்கமும் சமமாக ஒரு சதுரம் வெட்டி, அதை மூலைக்கு மூலை மடித்தார். சதுரத்தை அப்படி மடித்தால் கிடைப்பது நாற்பத்தைந்து டிகிரிதானே? நீங்களும் செய்து பாருங்கள். பிளக்கைப் பிடுங்கித் தன் கண் எதிரிலேயே மேஜைமேல் போட்டுக்கொண்டு, அந்த மடித்த அட்டையைப் பின்பக்கச் சட்டத்துக்கும் பிளேடுக்கும் நடுவில் நிறுத்திப் பார்த்தார். மிஷினில் அச்சடித்திருந்த டிகிரிக் கோடு சரி என்றது, அட்டை இல்லை என்றது. மாமா அட்டையைத்தான் நம்பினார். நேர்வெட்டுக்கு மூலைமட்டத்தை வைத்து, அதற்கும் பிளேடுக்கும் நடுவில் வெளிச்சம் கசிகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கடைசியாக பிளேடுக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் தள்ளி, தட்டின்மேல் சிவப்புப் பெயிண்டில் கோடு இழுத்தார். "இந்தக் கோட்டுக்கு உள்ள கை வராது. கை வந்தாதான் வேலையாவும்னா, அந்தக் கட்டையைக் கிளாம்ப் போட்டு இறுக்கணும். இறுக்க முடியாத சின்னக் கட்டையா? அதுக்குக் கைரம்பம் கீது" என்று எல்லோரிடமும் சொன்னார்.

கரண்ட் இல்லாமலே எங்களுக்கு ஓட்டியும் காட்டினார். முதலில் இடுப்பில் லுங்கி வேண்டாம், பேண்ட். தோளில் துண்டு வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடி. மரத்தைப் பின்சட்டத்தோடு ஒட்டி வைத்து, கை கோட்டுக்கு வெளியே இருக்கிறதா என்று பார்த்து, பிறகுதான் ஸ்விட்ச். அழுத்தியவுடன் இழுக்கக் கூடாது. சத்தம் ஏறி ஒரே சீராக நிற்கும், அதுவரை பொறுக்கணும். "ங்ஙொய்ய்ய்" என்று வாயாலேயே அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினார். மெதுவாக இறக்கி, வெட்டி முடித்ததும் ஸ்விட்சை விட்டு, பிளேடு முழுசாக நின்ற பிறகுதான் மேலே தூக்கணும். சுற்றும்போது விழுந்த துண்டைக் கையால் பொறுக்கக் கூடாது. பெரிய ஆள் ஒருத்தர் மிஷின் முன்னால் நின்று வாயால் ஊளையிடுவதைப் பார்த்து எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்தாலும் அது மனசில் பதிந்துவிட்டது. பிற்பாடு மிஷின் ஓடும்போதெல்லாம் நான் அவர் வாய்ச்சத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கைப்பிடியை இறக்குவேன்.

பூஜை ஒரு வெள்ளிக்கிழமை காலை. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் முதல் வெட்டு விழவேண்டும். முதலாளியின் சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தார்கள். அவருடைய அப்பாவை, நாங்கள் பெரியவர் என்போம், நாற்காலி போட்டு முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். நாங்கள் வருவதற்குள் மிஷினுக்கு அலங்காரம் முடிந்திருந்தது. மோட்டார்மேல் ரோஜா மாலை. பிளேடுக்குச் சந்தனம், குங்குமம். மாமா நேராகப் போய் மாலையைக் கழற்றினார். நார் பிளேடில் சுற்றினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் வந்திருந்தவர்களுக்கு அது சாமிக்குப் போட்ட மாலை. ஒரு சலசலப்பு எழுந்தது. மாமா மாலையைக் கொண்டுபோய்ச் சுவரிலிருந்த பிள்ளையார் படத்துக்குப் போட்டுக் கும்பிட்டார். பிள்ளையாருக்குப் போட்டதை யார் குறை சொல்ல முடியும்? சலசலப்பு அடங்கியது. பிறகு ஈரத்துணியால் பிளேடைத் துடைத்து, எடுத்த குங்குமத்தை மோட்டாரின் நெற்றியில் வைத்தார். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார்.

தீபாராதனை முடிந்தது. முதலாளி தட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து மிஷின் தட்டின்மேல் வைத்தார். புது வண்டி வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறோம் இல்லையா, அதுமாதிரி புது மிஷினின் முதல் வெட்டு எலுமிச்சம்பழத்தின்மேல் விழவேண்டும் என்று அவருக்கு ஆசை. அதுவும் தன் கையாலேயே. இடது கையால் பழத்தைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் சிவப்புக் கோட்டுக்கு உள்ளே, பிளேடுக்கு நேர் கீழே. வலது கையால் கைப்பிடியைப் பற்றினார்.

"மொதலாளி, வேணாம்" என்றார் மாமா.

"இன்னா வேணாம்?"

"பழம் உருண்டை. கையால புடிச்சா நிக்காது. உருட்டி இழுத்துரும்."

"டேய், ஒரு பழத்த வெட்ட எனக்குச் சொல்லித் தரியா? எத்தினி பேர் நின்னுகினு கீறாங்க, பாத்தியா?"

அவர் விரல் ஸ்விட்சைத் தேடியது. மாமா சுவரிலிருந்த மெயின் போர்டுக்கு இரண்டே எட்டில் போய், அந்த வெள்ளைப் பீங்கான் பியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஃபேன் நின்றது. டியூப்லைட் அணைந்தது. வாசலில் பாடிக்கொண்டிருந்த பக்திப் பாட்டு ஒரு இழுப்பு இழுத்து ஊமையானது. நல்ல காரியம் நடக்கிற நேரத்தில் விளக்கு அணைந்தால் நம் ஊரில் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். பின்னாலிருந்து ஒரு பெண்மணி, "ஐயையோ, அபசகுனம்" என்றார்.

முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. "எங்க பியூஸு? குடுடா" என்றார். மாமா அசையவில்லை. "குடுக்கலன்னா இன்னியோட கெளம்பு. உன் மாப்ளயயும் கூட்டிகினு போ." என்னையும் சேர்த்துத்தான் சொன்னார். உங்கள் அம்மாவின் நிறைமாத முகம்தான் கண்ணுக்கு வந்தது. ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் சம்பளமும் ஒரே நாளில் போனால் எங்கே போவது? நான் மாமாவின் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. "போறேன் மொதலாளி. ஒண்ணே ஒண்ணு காமிச்சிட்டுப் போறேன். கரண்ட்டு இல்ல, பயம் இல்ல. பழத்த எப்படிப் புடிச்சீங்களோ அப்படியே புடிங்க" என்றார். அந்தக் குரலில் கோபமே இல்லை. கெஞ்சலும் இல்லை.

ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். பிடிக்காவிட்டால் பயந்துவிட்டார் என்று ஆகிவிடும். அதனால் பிடித்தார். மாமா கைப்பிடியை மெல்ல இறக்கினார். மூடி விலகி, பிளேடின் பல் பழத்தின் தோலைத் தொட்டது. ஒரு பீடிங் துண்டை எடுத்து, அதன் முனையால் பிளேடை, அது சுற்றும் திசையில் மெதுவாகத் தள்ளினார். பழம் வெட்டுப்படவில்லை. உருண்டது. முதலாளி இறுக்கிப் பிடித்திருந்தார் அல்லவா, அதனால் பழத்தோடு விரலும் போனது. பின்சட்டத்தை நோக்கி, பிளேடுக்கு அடியில். அவர் மோதிர விரலில் கல் வைத்த மோதிரம் இருந்தது. பிளேடின் பல் அதன்மேல் பட்டு "டிக்" என்றது. ஃபேன் சத்தமும் பாட்டும் இல்லாத அந்தப் பட்டறையில், கடைசி வரிசையில் நின்றவர்களுக்கும் அது கேட்டது.

முதலாளி கையை எடுத்துக்கொண்டார். மோதிரத்தைப் பார்த்தார். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரியவர்தான் நாற்காலியிலிருந்து, "வண்டின்னா அடியில வெப்பாங்க, சரி. வண்டிக்கு அடியில யாராச்சும் கைய வெப்பாங்களாடா?" என்று கேட்டார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளி அவர்களை ஒரு முறை முறைத்தார். பிறகு ஐயர் பக்கம் திரும்பி, "சாமி, ராகு காலத்துக்கு இன்னும் டைம் கீதா?" என்று கேட்டார். "இருக்கு, சீக்கிரம் ஆகட்டும்" என்றார் ஐயர். "யாராச்சும் ஒரு கத்தி கொண்டாங்க." கத்தியால் பழத்தை வெட்டி, குங்குமம் தடவி, சுற்றிப் போட்டார்கள். மாமா சட்டைப் பையிலிருந்து பியூஸை எடுத்து இரண்டு கையாலும் முதலாளியிடம் நீட்டினார். முதலாளி அதை வாங்கவில்லை. "நீயே போடு. நீயே வெட்டு" என்றார்.

விளக்கு எரிந்தது, பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. மாமா ஒரு தேக்குப் பீடிங்கை எடுத்து வைத்தார். கையைப் பார்த்தார். அழுத்தினார். சத்தம் ஏறிச் சீரானது. இறக்கினார், விட்டார், பிளேடு நிற்கும்வரை நின்றார், தூக்கினார். இப்படியே நாலு துண்டு. கோர்த்தால் ஒரு சட்டம். பெரியவர் அதை மடியில் வாங்கி, ஒவ்வொரு மூலையிலும் நகத்தை வைத்துத் தடவிப் பார்த்தார். "எறும்பு பூர முடியாதுடா இதுல" என்றார். பசையும் இல்லை, மரத்தூளும் இல்லை. வெறும் அட்டையை மடித்து வைத்து நிறுத்திய சாய்வு அது. "என் மச்சான்" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். அவருக்குத் தெரியும் என்று தெரிந்தும் சொன்னேன்.

வேலையை விட்டுப் போகச் சொன்ன பேச்சை முதலாளி திரும்ப எடுக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. சாயங்காலம் நாங்கள் சைக்கிளை எடுக்கும்போது, "நாளைக்குச் சீக்கிரம் வாங்க, ரெண்டு பேரும். லோடு வருது" என்றார். அவ்வளவுதான். ஆனால் அடுத்த ஆயுத பூஜையில் ஒரு வேடிக்கை நடந்தது. மிஷின்களுக்குச் சந்தனம் வைக்கும் முன்பே முதலாளி மெயின் போர்டுக்குப் போய்ப் பியூஸைப் பிடுங்கி, தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்தார். "இவன் புடுங்கறதுக்கு முன்னாடி நானே புடுங்கிடறேன்" என்று சொல்லிச் சிரித்தார். அதற்கு அடுத்த வருஷமும் அப்படியே செய்தார். பிறகு அது யாரும் சொல்லாமலே நடக்கிற வழக்கமாகிவிட்டது. பியூஸ் தட்டுக்கு வந்த பிறகுதான் யாரும் பிளேடுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோவார்கள்.

சில வருஷம் கழித்து, ஒரு ஆயுத பூஜை அன்றைக்கு, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு பட்டறைக்கு மரக்கணக்கு பேசப் போயிருந்தேன். எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத பட்டறை, ஒரு முகமும் தெரிந்த முகம் இல்லை. பூஜைத் தட்டில் பூவுக்கு நடுவே, திருநீறு பூசி, வெள்ளைப் பீங்கான் பியூஸ் உட்கார்ந்திருந்தது. பொரி கொடுத்த ஆளின் கையைப் பார்த்தேன், பக்கத்திலிருந்தவர் கையைப் பார்த்தேன். எல்லா விரலும் இருந்தது. மரவேலைக்காரர்கள் கூடுகிற இடத்தில் அது லேசான விஷயம் இல்லை, பிள்ளைகளே.

வாய் சும்மா இருக்குமா? "இது எங்க மச்சான் ஆரம்பிச்சு வெச்ச பழக்கம், தெரியுமா?" என்றேன். அந்த ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சும்மா கத உடாத அண்ணா. இது எங்க தாத்தா காலத்துலேர்ந்து கீது" என்றார். தாத்தா காலத்தில் இந்த மிஷினே கிடையாது என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் பொரியைக் கையில் அள்ளிப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

பொறுக்க முடியாமல், ரயிலிறங்கி நேராக மாமா வீட்டுக்கே போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து உங்கள் யாருக்கோ பம்பரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, "நீ ஆரம்பிச்சதுன்னா ஒருத்தனும் நம்ப மாட்றான் மச்சான்" என்றேன். அவர் ஆணியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"விடு மாப்ள" என்றார். "நான் சொன்னேன்னா ரெண்டு நாளைக்குக் கேப்பானுங்க. தாத்தா சொன்னார்னாதான் விடாம செய்வானுங்க."